நான்கு நொடித் தாளம்: லிண்ட்ஸி பக்கிங்ஹாமின் தனிவழி

லிண்ட்ஸி பக்கிங்ஹாம் பாடி 1981-இல் வந்த ‘ட்ரபிள்’ பாட்டை முதல்முறை கேட்கும்போது அதன் தொடக்கமே ஆளை நிறுத்திவிடும். பாட்டு எடுப்பதற்கு முன் தாளம் பிடிக்க எண்ணுவார்களே, அந்த எண்ணிக்கை அப்படியே உள்ளே இருக்கிறது. அதுவும் சாதாரணமான ஒன்று, இரண்டு, மூன்று இல்லை. மூச்சை இழுத்து, முக்கி முனகி, ஏதோ பாரம் தூக்கப்போகிறவர்போல எண்ணுகிறார்கள். அடுத்த கணம் பூப்போல ஒரு மெட்டு வந்து விழுகிறது. இவ்வளவு மென்மையான பாட்டுக்கு ஏன் இப்படியொரு ஆர்ப்பாட்டமான முன்னுரை என்று தோன்றும்.

கூர்ந்து கேட்டால் இன்னொன்றும் பிடிபடும். டிரம்ஸ் துளிகூட அசைவதில்லை. மனிதக் கை வாசித்தால் நாலாவது வரியில் கொஞ்சம் இறுகும், பல்லவி திரும்பும்போது கொஞ்சம் எழும்பும். இங்கே அது இல்லை. ஆனால் இயந்திரத்தின் ஓசையும் இல்லை. தோல் அதிர்வது காதுக்குத் தெரிகிறது, குச்சியின் கனம் தெரிகிறது.

விஷயம் இதுதான். வாசித்தவர் மிக் ஃப்ளீட்வுட். ராக் இசையின் பெரிய டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவர். அவரை வரவழைத்து முழுப் பாட்டுக்கும் வாசிக்க வைத்தும் நினைத்தது அமையவில்லை. கடைசியில் அவர் வாசித்ததிலிருந்து ஏறத்தாழ நான்கு நொடி ஓடும் துண்டு ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து, அதன் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி, பாட்டு முழுக்கச் சுழலவிட்டார்கள். சிம்பல் ஓசைகளும் இடையிடையே வரும் உருட்டல்களும் அதன் மேல் தனியாகச் சேர்த்தவை.

காந்த நாடாவில் பதிவு செய்த காலம் அது. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் இயந்திரத்தில் நான்கு நொடி என்றால் 60 அங்குலம், அதாவது ஐந்தடி நாடா. பிளேடால் சரிவாக வெட்டி, ஒட்டுநாடா போட்டு இணைத்தால் அது இயந்திரத்துக்குள் அடங்காது. மைக் தாங்கியையோ பென்சிலையோ தள்ளி நிறுத்தி, அதைச் சுற்றிவரச் செய்வார்கள். அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் ஓசையை இன்னொரு இயந்திரத்தில் நீளமாகப் பதிந்துகொள்வார்கள். இன்று கணினியில் ஒரு சொடுக்கில் நடக்கும் ‘லூப்’ அன்று அறையின் குறுக்கே ஓடிய ஒரு பொருள்.

அப்போது பக்கிங்ஹாம், உலகத்தில் அதிகம் விற்ற குழுக்களில் ஒன்றான ஃப்ளீட்வுட் மேக்கின் கிட்டார் கலைஞர். கூப்பிட்டால் வர அந்தக் குழு முழுவதும் இருந்தது. பிறகு ஏன் ஐந்தடி நாடாவோடு மல்லுக்கட்டினார்? தனியாகப் போகும் கிட்டார் கலைஞர்கள் வழக்கமாகச் செய்வது வேறு. குழுவில் கிடைக்காத நீளத்துக்கு கிட்டார் தனி வாசிப்பார்கள், அல்லது தங்களுக்குப் பிடித்த புளூஸுக்குத் திரும்புவார்கள். இவரோ விரல் வித்தையைக் காட்டும் இசைத்தட்டு எதையும் போடவில்லை. மெட்டு வானொலிக்கு உரியது, அதைக் கட்டிய விதம் யாருக்கும் பழக்கமில்லாதது, அப்படிப்பட்ட பாட்டுகளைப் போட்டார். இன்று அதை மாற்று பாப் என்கிறோம். 1981-இல் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. கேட்டவர்கள் விசித்திரம் என்றார்கள், அவ்வளவுதான்.

அந்த விசித்திரத்தின் வேர் அவருடைய சுபாவத்தில் இருப்பதாகத்தான் பலரும் எழுதியிருக்கிறார்கள். என் காதுக்கு அது வேலைமுறையில் இருக்கிறது. தனியாக, இரவில், ஒரு பதிவு இயந்திரத்தோடு உட்கார்ந்து பாட்டு கட்டுகிறவருக்கு இப்படித்தான் வரும்.

1949-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பிறந்தவர் பக்கிங்ஹாம். சிறுவயதில் அவருக்குப் பிடித்தது கிங்ஸ்டன் ட்ரியோ என்ற நாட்டுப்புறப் பாடல் குழு. அவர்கள் கையில் இருந்த பேன்ஜோவின் வாசிப்பு இவர் விரலில் ஒட்டிக்கொண்டது. ராக் கிட்டார் என்றால் பெரும்பாலும் பிளெக்ட்ரம் என்ற சிறு வில்லையைப் பிடித்துத் தந்தியைச் சுண்டுவார்கள். இவர் வில்லையைத் தொடுவதே அபூர்வம். கட்டைவிரல் கீழ்ச்சுருதியை நடத்த, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பின்னும். வீணை வாசிப்பவரின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாட்டை மீட்டும்போது சுண்டுவிரல் பக்கத்திலுள்ள தாளத் தந்திகளைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு கையிலேயே பாட்டும் பக்கவாத்தியமும் இருக்கிறது. ஆகவே இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஃப்ரிட்ஸ் என்ற உள்ளூர்க் குழுவில் சேர்ந்தார். அங்கே அவர் வாசித்தது பேஸ் கிட்டார். பாடியவர் ஸ்டீவி நிக்ஸ். குழு கலைந்தபின் பக்கிங்ஹாம் நீண்ட காய்ச்சலில் படுத்தார். உறவுக்கார அம்மா ஒருவர் விட்டுப்போன பணம் கொஞ்சம் வந்தது. அதில் ஆம்பெக்ஸ் நான்கு தடப் பதிவு இயந்திரம் ஒன்றை வாங்கினார். அவருடைய அப்பாவுக்கு சான்ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் காப்பிக்கொட்டை வறுக்கும் ஆலை இருந்தது. வேலைக்காரர்கள் வீடு திரும்பியபின், இரவுகளில், அந்த ஆலைதான் இருவருக்கும் பதிவுக்கூடம்.

நான்கு தடம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். நாடாவின் அகலத்தை நான்கு கோடுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனியாகப் பதியலாம். முதலில் கிட்டாரைப் பதிய வேண்டும். அதைக் காதில் கேட்டுக்கொண்டே பேஸ். இரண்டையும் கேட்டுக்கொண்டே பாட்டு. பிறகு தன் பாட்டுக்குத் தானே பின்பாட்டு. இடம் போதாவிட்டால் மூன்றையும் கலந்து நாலாவதில் இறக்கிவிட்டு, காலியான மூன்றில் மறுபடி தொடங்கலாம். ஒரே ஆள் ஒரு கோஷ்டி ஆகிவிடுவார். ஆனால் அந்தக் கோஷ்டியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லாரும் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றின் மேல் வாசிக்கிறார்கள். டிரம்ஸ் கிட்டாரை இழுத்துப் பிடிக்க முடியாது. பதிந்து முடிந்த கிட்டாரைத்தான் டிரம்ஸ் துரத்தும். இந்த உணர்வு பிற்காலத்தில் அவருடைய பாட்டுகள் எல்லாவற்றிலும் இருக்கும்.

ஆலையில் செய்த பதிவுகள் இருவரையும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோயின. 1973-இல் ‘பக்கிங்ஹாம் நிக்ஸ்’ என்று ஒரு தட்டு வந்தது, போன இடம் தெரியவில்லை. அடுத்த ஆண்டு மிக் ஃப்ளீட்வுட் பதிவுக்கூடம் தேடி வேன் நைஸிலிருந்த சவுண்ட் சிட்டிக்கு வந்தபோது, கூடத்தின் ஒலித்தரத்தைக் காட்ட அந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அவருக்குக் கூடத்தோடு கிட்டாரும் பிடித்துப்போயிற்று. லண்டனில் 1967-இல் புளூஸ் குழுவாகத் தொடங்கிய ஃப்ளீட்வுட் மேக்கில் பின்னர் ஒரு கிட்டார் இடம் காலியாயிற்று. ஸ்டீவியையும் சேர்த்தால் வருகிறேன் என்றார் பக்கிங்ஹாம். 1974 முடியும் தறுவாயில் இருவரும் உள்ளே.

அதன்பின் நடந்தது ஊரறிந்த கதை. 1977-இன் ‘ரூமர்ஸ்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. இன்றுவரை நான்கு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதைப் பதியும்போதே குழுவின் இரண்டு ஜோடிகளும் பிரிந்துகொண்டிருந்தன என்பதையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தத் தட்டில் முக்கியமாகப் படுவது ஒரு நாற்காலி. ‘செகண்ட் ஹேண்ட் நியூஸ்’ பாட்டில் டிரம்ஸுக்குக் கீழே ஒரு தட்டல் ஓடும். பதிவுக்கூடத்தில் கிடந்த நாற்காலியின் ரெக்சின் இருக்கையை பக்கிங்ஹாம் தட்டிய ஓசை அது. பளபளப்பான கலிஃபோர்னியா பாப்புக்கு நடுவில் காப்பி ஆலையின் இரவு உட்கார்ந்திருக்கிறது.

‘ரூமர்ஸ்’ போலவே இன்னொன்று தாருங்கள் என்று உலகம் கேட்டபோது அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். லண்டனிலும் நியூயார்க்கிலும் பங்க், நியூ வேவ் என்று புது அலை எழுந்திருந்தது. டாக்கிங் ஹெட்ஸ், கிளாஷ் போன்ற குழுக்கள் மெருகைத் துடைத்தெறிந்துகொண்டிருந்தன. பக்கிங்ஹாம் வீட்டில் பதிவு இயந்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை டிரம்ஸாக அடித்தார். கூடத்துக்கு வந்தபோதும், தரை ஓட்டில் மைக்கை ஒட்டிவைத்துத் தண்டால் எடுக்கும் நிலையில் குனிந்து பாடினார் என்று உடனிருந்த தயாரிப்பாளர் கென் கெய்லட் சொல்லியிருக்கிறார். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நெஞ்சு இறுகிய நிலையில் வரும் குரல் வேறு, அது தரையில் பட்டு மைக்குக்குத் திரும்பும் விதம் வேறு. அவர் தேடியது அதைத்தான்.

1979-இன் ‘டஸ்க்’ இரட்டைத் தட்டு, 20 பாட்டு, செலவு பத்து லட்சம் டாலருக்கு மேல். அதில் பக்கிங்ஹாமுடையவை 9. இரண்டு நிமிடத்தில் பாய்ந்து முடியும் ‘தி லெட்ஜ்’, கீச்சிடும் ‘நாட் தட் ஃபன்னி’ எல்லாம் அந்த ஒன்பதில் சேர்ந்தவை. தலைப்புப் பாட்டில் சுழலும் டிரம்ஸும் நாடா வளையம்தான். அதன் மேல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவினர் 112 பேரை டாட்ஜர் விளையாட்டரங்கில் நிறுத்திப் பதிந்து சேர்த்தார்கள். கையால் ஒட்டிய நாடா வளையத்தில் தொடங்கி மைதானம்வரை போகிற பாட்டு அது. என்னைக் கேட்டால் அவருடைய மனம் முழுதாகத் திறந்த பாட்டு அதுதான்.

‘டஸ்க்’ சுமார் 40 லட்சம் விற்றது. வேறெந்தக் குழுவுக்கும் கொண்டாட்டமான எண். ‘ரூமர்ஸ்’ பக்கத்தில் வைத்தபோது தோல்வி என்று பெயரெடுத்தது. இனி இந்த மாதிரி வேண்டாம் என்று குழு சொல்லிவிட்டதாகவும், தனித்தட்டு போடும் எண்ணம் அங்கேதான் பிறந்தது என்றும் அவர் பலமுறை கூறியிருக்கிறார். 1981 ஜூலையில் ஸ்டீவி நிக்ஸின் முதல் தனித்தட்டு வந்து பட்டியலில் முதலிடம் பிடித்தது. அக்டோபரில் பக்கிங்ஹாமின் ‘லா அண்ட் ஆர்டர்’ வந்தது. தட்டு 32-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ‘ட்ரபிள்’ மட்டும் அமெரிக்காவில் 9-ஆம் இடம், ஆஸ்திரேலியாவில் முதலிடம்.

ரிச்சர்ட் டாஷட்டோடு சேர்ந்து தயாரித்த அந்தத் தட்டில் ஏறக்குறைய எல்லா வாத்தியமும் அவரே. முதல் பாட்டு ‘ப்வானா’வில் குரல்கள் குறுகி, நீண்டு, சில இடங்களில் பொம்மை பேசுவதுபோல் வருகின்றன. இதன் சூத்திரம் நாடாவின் வேகம். டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீரும்போது பாட்டு இழுத்துக்கொண்டு, சுருதி இறங்கி, பாடகி ஆண்குரலில் முனகுவதை எங்கள் தலைமுறை வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறது. அதையே வேண்டுமென்று, அளந்து செய்தால் அது கருவி. வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் கூட்டினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் ஏறும். இரட்டிப்பாக்கினால் கீழ் ஷட்ஜம் மேல் ஷட்ஜம் ஆகிவிடும். பாதி வேகத்தில் ஓடும் நாடாவில் நிதானமாகக் கிட்டார் வாசித்துவிட்டு இயல்பு வேகத்தில் ஓட்டினால், அது மாண்டலினும் இல்லாத, கிட்டாரும் இல்லாத, மணிபோல் ஒலிக்கும் ஒரு வாத்தியம். சுருதி மட்டும் ஏறுவதில்லை. தந்தியைத் தொடும் அந்த முதல் ‘டிக்’ கூடப் பாதியாகச் சுருங்கிக் கூர்மையாகிறது. அவருடைய பாட்டுகளில் அந்த மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது என்று வெகுநாள் விளங்காமல் இருந்த எனக்கு, இது தெரிந்தபின்தான் காது திறந்தது.

தட்டில் மூன்று பழைய பாட்டுகளையும் எடுத்துப் பாடியிருக்கிறார். 1938-இல் மேடை நாடகத்துக்காகப் பிறந்த ‘செப்டம்பர் சாங்’, 1950-களின் ‘இட் வாஸ் ஐ’, நாட்டுப்புறச் சாயலுள்ள ‘எ சாட்டிஸ்ஃபைட் மைண்ட்’. புதுமையைத் தேடிப் போனவர் ஏன் தாத்தா காலத்துப் பாட்டுகளை எடுத்தார் என்ற கேள்விக்குள் அவருடைய மாற்று பாப்பின் அடித்தளம் இருக்கிறது. மெட்டு அவருக்குப் புனிதமானது. ஒரு பையன் வானொலியில் கேட்டு மனப்பாடமாக்கும் மெட்டாக அது இருந்தாக வேண்டும். அதைச் சுற்றியுள்ள சுவர், கதவு, கூரை எல்லாவற்றையும் அவர் இடித்துக் கட்டுவார். நடுவில் எரியும் விளக்கைத் தொட மாட்டார்.

ஆனாலும் ‘லா அண்ட் ஆர்டர்’ ‘டஸ்க்’ அளவுக்கு எனக்குள் இறங்கவில்லை. ‘டஸ்க்’கில் அவருடைய ஒன்பது பாட்டுகளுக்கு நடுவே குழுவின் இன்னொரு பாடகி கிறிஸ்டீன் மெக்வீயின் ஆறும் ஸ்டீவியின் ஐந்தும் இருக்கின்றன. கிறிஸ்டீனின் ஆழ்ந்த, அமைதியான ஒரு பாட்டு முடிந்து பக்கிங்ஹாம் பெட்டியைத் தட்டிக்கொண்டு நுழையும்போது கிடைக்கும் அதிர்ச்சி, அவரே பதினொரு பாட்டையும் பாடும் தட்டில் கிடைக்காது. எல்லா அறையும் கோணலாக இருந்தால் கோணல் தெரியாமல் போகிறது. ‘ட்ரபிள்’ மற்றவற்றைவிடத் தலைதூக்கி நிற்கக் காரணமும் இதுவே என்று நினைக்கிறேன். அதில் இன்னொரு மனிதர் இருக்கிறார், நான்கு நொடிக்கு.

1984-இன் ‘கோ இன்சேன்’ இன்னும் தனிமையான தட்டு. இப்போது கையில் ஃபேர்லைட். சிட்னியில் உருவான இந்தக் கருவி எந்த ஓசையையும் பதிந்து விசைப்பலகையில் ஸ்வரமாக்கித் தரும். நாடா வளையம் செய்த வேலையைக் கணினி செய்யத் தொடங்கிய கட்டம். ‘ப்ளே இன் தி ரெயின்’ என்ற பாட்டு தட்டின் முதல் பக்கம் முடியும் இடத்தில் அறுந்து, தட்டைத் திருப்பிப் போட்டால் அடுத்த பக்கத்தில் தொடர்கிறது. கடைசியில் வரும் ‘டி. டபிள்யூ. சூட்’ 1983 டிசம்பரில் கடலில் மூழ்கி இறந்த பீச் பாய்ஸ் குழுவின் டெனிஸ் வில்சனுக்கான அஞ்சலி. பீச் பாய்ஸின் குரல் அடுக்குகள்தான் பக்கிங்ஹாமுக்குப் பாடசாலை. நண்பரின் சாவுக்கு அவர் ஒரு சோகப் பாட்டு எழுதவில்லை. அந்தப் பாடசாலையில் கற்ற எல்லாவற்றையும் துண்டுதுண்டாக அடுக்கி, ஒரே ஆளாக ஒரு முழுக் குழுவின் பிரார்த்தனையைப் பாடிவிட்டார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மூன்றாவது தனித்தட்டுக்கு வேலை நடந்துகொண்டிருந்தபோது குழு மறுபடி கூடியது. அவருடைய பாட்டுகள் 1987-இன் ‘டாங்கோ இன் தி நைட்’டுக்குள் போயின. தட்டின் பெரும்பகுதியை அவர் வீட்டிலேயே பதிந்தார்கள். ‘பிக் லவ்’ பாட்டில் ஆணும் பெண்ணும் மாறிமாறி மூச்சுவிடும் இடத்தைக் கேட்டு, அது ஸ்டீவி என்று நம்பியவர்கள் ஏராளம். இரண்டுமே பக்கிங்ஹாம், ஒன்று வேகம் மாற்றிய குரல். ‘ப்வானா’வில் விசித்திரம் என்று ஒதுக்கிய அதே வித்தை இப்போது அமெரிக்காவில் 5-ஆம் இடம் பிடித்தது. கேட்டவர்களுக்கு அது விசித்திரமாகவே படவில்லை.

தட்டு வெளியான சில மாதங்களில், சுற்றுப்பயணம் தொடங்கும் முன், அவர் விலகினார். அவர் இடத்துக்குக் குழு எடுத்தது இருவரை: பில்லி பர்னெட், ரிக் விட்டோ. பிறகு திரும்பி வந்தார். 2018-இல் குழு அவரை நீக்கியது. அப்போதும் இருவரைத்தான் எடுத்தார்கள்: மைக் கேம்பல், நீல் ஃபின். ஒரு கையிலேயே பாட்டையும் பக்கவாத்தியத்தையும் வைத்திருப்பவரை எடுத்துவிட்டால் எவ்வளவு இடம் காலியாகும் என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை. நடுவில், 1990-களின் மேடைகளில், ‘பிக் லவ்’வை அந்தப் பின்னணி எல்லாவற்றையும் உருவிவிட்டு ஒற்றைக் கிட்டாரில் வாசிக்கத் தொடங்கியிருந்தார். கட்டைவிரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் பின்னால் யாரோ ஒளிந்து வாசிக்கிறார்கள் என்றே தோன்றும்.

‘டஸ்க்’ மெல்ல மெல்லப் பெயர் மீட்டது. மாற்றிசைக் குழுக்களில் பேர்போன கேம்பர் வான் பீத்தோவன் அந்த இரட்டைத் தட்டு முழுவதையும் தங்கள் பாணியில் பாடி 2002-இல் வெளியிட்டது. விலையுயர்ந்த கூடத்தில் ஒருவர் செய்த வீட்டு வேலையை, வீட்டு வேலை மட்டுமே தெரிந்த தலைமுறை அடையாளம் கண்டுகொண்டது என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

2019 பிப்ரவரியில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதில் குரல்நாணும் பாதிக்கப்பட்டது. அதற்கு முன்பே வீட்டில் பதிந்து வைத்திருந்த பாட்டுகள், பெருந்தொற்றுக்காகவும் காத்திருந்து, 2021 செப்டம்பரில் வெளிவந்தன. வாத்தியங்கள் ஏறக்குறைய எல்லாம் அவரே வாசித்தவை. தட்டுக்குப் பெயர் ‘லிண்ட்ஸி பக்கிங்ஹாம்’. நாற்பது ஆண்டுக்கு முன் கேட்ட அதே மினுமினுக்கும் கிட்டார், அதே அடுக்கடுக்கான பின்பாட்டு. அந்தப் பின்பாட்டில் காதை வைத்துத் தேடினால் இருப்பது ஒரே குரல்.